புது ஆறும் நான்கு விடைத்தாள்களும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் அம்மாள் பேசினார். "சார், புதுசா ஒரு ஆப் போட்டிருக்கோம். வீடியோ, டெஸ்ட், சர்ட்டிபிகேட்னு எல்லாம் இருக்கு. ஸ்டூடன்ட்ஸ் யாரும் உள்ளயே வர மாட்டேங்குறாங்க. நீங்க வெறும் வாட்ஸ்அப்ப வச்சுக்கிட்டு எப்படி சார் அத்தனை பேரையும் பேச வச்சீங்க?"

"பேச வைக்கலம்மா, நான் போய்ப் பேசினேன். அவ்வளவுதான்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அது அரைகுறைப் பதில் என்று போனை வைத்த பிறகு உறுத்தியது. முழுப் பதில் திலகவதி மேடத்தைப் பற்றியது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வரலாறு படித்தவனில்லை. பி.காம். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே பிறந்தவன். தஞ்சாவூரில் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். புத்தகத்தைக் கட்டு, முகவரி ஒட்டு, தபாலாபீசுக்கு அனுப்பு. இதுதான் முதல் பாதி வாழ்க்கை. சணல் கயிற்றில் முடிச்சுப் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. பதவி உயர்வில் மாணவர் உதவிப் பிரிவுக்கு வந்தேன். 'உதவி' என்பது பலகையில் மட்டும்தான். கட்டிய பணம் வந்ததா, புத்தகம் போனதா என்பதற்கு மேல் யாரும் எங்களைக் கேட்டதில்லை; நாங்களும் கேட்டதில்லை.

பண்டைய வரலாறு எம்.ஏ. என்று ஒரு படிப்பு உண்டு. எங்களிடம் இருந்தவற்றில் ஆள் குறைவான படிப்பு அதுதான். ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புக்கு ஆசிரியர் வருவார், மின்விசிறி சுற்றும், மாணவர்தான் இருக்க மாட்டார். நடவு சமயமென்றால் கேட்கவே வேண்டாம். மூடிவிடலாம் என்று மேலே பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் திலகவதி மேடம் அந்தப் படிப்புக்குப் பொறுப்பாக வந்தார்.

வந்த அன்றே என்னைக் கூப்பிட்டார். கடைநிலை ஊழியர் முதல் பதிவாளர் வரை எல்லோருக்கும் அவரிடம் ஒரே 'வாங்க, உட்காருங்க'தான். உட்காராமல் நின்றால் பேச்சைத் தொடங்க மாட்டார். உட்கார்ந்தேன்.

"பாதியில நின்னவங்கல்லாம் ஏன் நின்னாங்க?" என்று கேட்டார்.

"படிக்கிற ஆர்வம் இல்ல மேடம்."

"அப்படின்னு அவங்க சொன்னாங்களா?"

"அவங்க சொல்லல மேடம். நாமளா நெனச்சுக்கறதுதான்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப ஒரு தடவ கேட்டுத்தான் பாருங்களேன்" என்றார். இனிமையாகத்தான் சொன்னார். ஆனால் மறுபடி அந்த அறைக்குள் வெறுங்கையோடு போக முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நின்றுபோனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். அலுவலகத்திலிருந்து தானாக ஒரு போன் வருவதை அவர்களால் நம்பவே முடியவில்லை. "ஏதும் அபராதமா சார்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பிறகு பேசினார்கள். ஒருவருக்கு நாற்றங்கால் வேலை, ஒருவருக்கு ஷிப்டு, ஒருவருக்குக் கைக்குழந்தை. ஆனால் எல்லோரும் கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்று: "புக்குல ஒண்ணு புரியலன்னா யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியல சார்." அதை நான் மேடத்திடம் சொன்னபோது, "பாத்தீங்களா, ஆர்வம் இருக்கு. ஆளுதான் இல்ல" என்றார். அந்த வாரமே வாட்ஸ்அப் குழு தொடங்கியது.

தொடங்கியவுடன் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலை வணக்கம், ரோஜாப்பூ, தலைவர்கள் பிறந்தநாள், நேந்திரம் பழத்தின் நன்மைகள். நான் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் முருகானந்தம் ஒரு பார்வர்டு அனுப்பினார். அவர் திருவையாற்றுக்காரர், சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார். தமிழர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஆகாய விமானம் ஓட்டினார்கள் என்பது சங்கதி. நான் அழிக்கப் போனேன். மேடம் தடுத்துவிட்டு, குழுவிலேயே ஒரு விரலால் தட்டித் தட்டிக் கேட்டார்:

"முருகானந்தம், இது நீங்க கண்டதா, கேட்டதா, படிச்சதா?"

வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. "பெரியப்பா பையன் அனுப்பிச்சது மேடம்."

"அப்ப கேட்டது. தப்பில்ல. கேட்டதுன்னு போட்டு மறுபடி அனுப்புங்க."

அந்த மனிதர் சிரத்தையாக அனுப்பினார்: 'கேட்டேன்: தமிழர்கள் விமானம் ஓட்டினார்கள்.' குழுவே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். அன்றோடு அது சட்டமாகிவிட்டது. இனி யார் எதைப் போட்டாலும் முதல் சொல் கண்டேன், கேட்டேன், படித்தேன் என்ற மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். காலை வணக்கத்துக்கு எந்தச் சொல்லையும் போட முடியாததால் ரோஜாப்பூக்கள் தாமாகவே உதிர்ந்துபோயின. ஒருவரையும் கண்டிக்காமல் ஒரு கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்த வித்தையை நான் அங்கேதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மேடம் ஒரு படம் போடுவார். ஒரு கல்வெட்டுத் துண்டு, ஒரு காசு, ஒரு பானை ஓடு. என்ன பொருள் என்று யாரும் உடனே சொல்லக் கூடாது. முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். 'ஓரம் உடைந்திருக்கிறது.' 'இடது பக்கம் சுண்ணாம்பு பூசியிருக்கிறது.' எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் பொருளுக்கு வருவார். ஞாயிறு மாலை வீடியோவில் கூடுவோம். யாராவது தவறாகச் சொன்னால் அவர் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "எத வச்சு சொல்றீங்க?" என்பார். சரியாகச் சொன்னாலும் அதையேதான் கேட்பார். அதனால் சரியா தவறா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது. யோசித்தே ஆக வேண்டும்.

என் வேலை வேறு. குழுவில் பேசாமல் போனவர்களைக் கவனிப்பது. ஒருவர் இரண்டு வெள்ளிக்கிழமை வாய் திறக்கவில்லையென்றால் போன் செய்வேன். பாடத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. "அறுப்பு முடிஞ்சுதா, மழைக்கு முன்னாடி மெஷின் கெடச்சுதான்னு கேளுங்க. பாடத்தப் பத்தி அவங்களே பேசுவாங்க" என்றார். அப்படியே நடந்தது. யாருக்குக் குறுவை, யாருக்குச் சம்பா, யாருக்கு நோன்பு, யாருக்கு இரவு ஷிப்டு என்பதெல்லாம் என் தலைக்குள் ஏறிவிட்டது. வீட்டில் என் மனைவிகூட, "உங்களுக்குச் சொந்தக்காரங்க எண்ணிக்கை கூடிப்போச்சு" என்று கிண்டல் செய்வாள். மூட இருந்த படிப்பில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள்.

இனி அந்த விவகாரத்துக்கு வருகிறேன்.

செல்வராணி பூதலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண். அவருடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். இப்போது குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் எடுத்துச் சொந்தமாகப் பயிர் செய்கிறார்கள். செல்வராணி ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை ஆக வேண்டும். அதற்கு இந்த எம்.ஏ. வேண்டும். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருடம் பட்டம் கையில் இல்லையென்றால் அந்தக் கதவு மூடிவிடும்.

இறுதியாண்டுக்கு ஒரு கள ஆய்வுக் கட்டுரை உண்டு. ஒரு கல்வெட்டை எடுத்துக்கொண்டு, அதில் சொல்லியிருக்கும் நிலம் எங்கே இருந்திருக்கும் என்று ஆராய்ந்து, வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். சேர்ந்து பேசலாம், தனித்தனியாக எழுத வேண்டும் என்பது விதி. மதிப்பெண் உள்ள வேலை என்பதால் மேடம் அந்தப் பேச்சில் தலையிட மாட்டார். செல்வராணியின் ஊரில் சிறிய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. சுவரில் சோழர் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டு. அதை அவர் எடுத்துக்கொண்டார். முருகானந்தம் சிங்கப்பூரில் இருந்ததால் எங்கும் போய்ப் பார்க்க வழியில்லை. நாகூரில் அத்தர் கடை வைத்திருக்கும் ஜபருல்லாவுக்கும், கும்பகோணத்தில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லாவுக்கும் நேரமில்லை. அதனால் மூன்று பேரும் செல்வராணி எடுத்த படங்களையும் வீடியோவையும் வைத்து அதே கல்வெட்டை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அனுமதியும் உண்டு.

கல்வெட்டு நிலத்துக்கு நான்கு எல்லை சொல்கிறது. தென்பாற்கெல்லை, அதாவது தெற்கு எல்லை, ஆற்றுக்கு வடக்கு என்று இருக்கிறது. கோயிலுக்குத் தெற்கே ஆறு ஓடுகிறது. செல்வராணி குழுவில் போட்டார்: 'கண்டேன்: கோயிலுக்குத் தெற்கே ஆறு.' நான்கு பேரும் அந்த ஆற்றையே தென் எல்லையாக வைத்து வரைபடம் போட்டார்கள்.

அந்த ஆறு கல்லணைக் கால்வாய். தஞ்சாவூரில் புது ஆறு என்போம்; செல்வராணியின் ஊரில் வெறுமனே ஆறு. வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டியது. சோழர் கொடுத்த நிலத்துக்கு வெள்ளைக்காரர் வெட்டிய கால்வாய் எல்லை!

வெளியூரிலிருந்து விடைத்தாள் திருத்தியவர், இதை ஒரே ஒருவரின் தாளில் பார்த்திருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போயிருப்பார். நான்கு தாளில், நான்கு வரைபடத்தில், ஒரே பிழை. பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று குறிப்பெழுதி அனுப்பிவிட்டார். முறைகேடு என்று முடிவானால் அந்த ஆண்டுத் தேர்வே ரத்து. நான்கு பேரின் முடிவும் நிறுத்திவைக்கப்பட்டது. வாட்ஸ்அப் குழு என்பதே காப்பியடிக்க ஏற்பாடு செய்துகொண்ட இடம் என்று தேர்வுப் பிரிவில் காதுபடவே பேசினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. மேடம் மட்டும், "அவங்க கேக்குறது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது நம்ம வேலை" என்றார்.

விசாரணைக்கு நேரில் வரச் சொன்னார்கள். முருகானந்தம் விடுப்புப் போட்டுத் திருச்சியில் வந்து இறங்கி, பெட்டியோடு நேராக வந்தார். அந்த நான்கு பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தாழ்வாரத்தில் முருகானந்தம், "நீங்கதானா ஸ்டெல்லா? வீடியோவுல கேள்வி கேக்குற வேகத்துக்கு நல்ல ஒசரமா இருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். ஜபருல்லா நாகூரிலிருந்து தம்ரூட் கொண்டுவந்திருந்தார். ரவையில் செய்கிற இனிப்பு. டப்பாவைத் திறந்து எல்லோர் கையிலும் வைத்தார். செல்வராணி மட்டும் வாங்கிய துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவின் தலைவர் இயற்பியல் பேராசிரியர். கறார்ப் பேர்வழி. முதலில் மேடத்தைக் கேட்டார். காகிதங்களை எடுத்துக்கொடுக்க நானும் உள்ளே இருந்தேன்.

"நாலு பேரு தனித்தனியா யோசிச்சு ஒரே தப்ப எப்படி மேடம் செய்வாங்க?"

"தனித்தனியா யோசிக்கல சார். சேந்து யோசிச்சாங்க. அதுக்கு அனுமதி இருக்கு. எழுத்து நாலும் வேற வேற, படிச்சுப் பாருங்க" என்றார் மேடம். பிறகு, "சார், உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ஒரத்தநாடு பக்கம்."

"உங்க பக்கம் ஓடுறதும் இதே ஆறுதான். சின்ன வயசுல குளிச்சிருப்பீங்க. இத யாரு வெட்டினா, எப்ப வெட்டினான்னு அப்ப யோசிச்சதுண்டா?"

"இல்ல. ஆறுன்னா ஆறு."

"இவங்களுக்கும் அப்படித்தான் சார். எங்கயோ இருக்கிறவங்க இந்தத் தப்பச் செய்ய மாட்டாங்க, வரைபடத்தப் பாத்தாலே கால்வாய்னு சொல்லிடுவாங்க. இந்தத் தண்ணியில வெளஞ்ச சோத்தச் சாப்பிட்டவங்களுக்குத்தான் இது என்னைக்கும் இருந்ததாத் தோணும். இன்னொண்ணு. கண்டது, கேட்டது, படிச்சதுன்னு மூணு வார்த்தை வச்சது நான். செல்வராணி ஆத்தக் கண்டது நெசம். கல்வெட்டுல ஆறுன்னு படிச்சதும் நெசம். ரெண்டும் ஒரே ஆறுன்னு சேத்தது ஊகம். ஊகம்னு சொல்ல நான் எடமே வைக்கல. தப்புக்கு மார்க்கக் கொறைங்க, நாலு பேருக்கும் கொறைங்க. திருட்டுன்னு மட்டும் எழுதாதீங்க."

ஒரு படிப்புக்கே பொறுப்பானவர், தன் சட்டத்தில் ஓட்டை இருந்தது என்று மூன்று பேர் முன்னால் நிதானமாகச் சொன்னார். எத்தனையோ மேலதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். பழியை இறக்கிவைக்க ஆள் தேடுவார்கள். ஏற்றிக்கொள்ள முன்வந்தவரை அன்றுதான் பார்த்தேன். எழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது.

தலைவர் முழுதாக இறங்கி வரவில்லை. மாணவர்களை ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டார். முதலில் செல்வராணி.

"ஊருக்குப் போயி படம் எடுத்தது நீங்க. ஆறுன்னு மொதல்ல சொன்னதும் நீங்க. மத்த மூணு பேரும் உங்களப் பாத்துப் போட்டாங்கன்னா உங்க மேல குத்தம் இல்ல. அப்படித்தானேம்மா? ஆமான்னு சொன்னா உங்க ரிசல்ட்ட இன்னைக்கே விட்டுடலாம்."

பொறி வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. உண்மையிலேயே அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் அவர் வழி பார்த்தார். 'ஆமாம் என்று சொல்லித் தொலையேன் பெண்ணே' என்று என் மனம் அடித்துக்கொண்டது.

செல்வராணி தலையாட்டவில்லை. "அப்படி இல்ல சார். ஸ்டெல்லா அக்கா என்கிட்ட கேட்டாங்க, இது இயற்கையா வந்த ஆறா, வெட்டுனதான்னு. நான்தான் அடிச்சுப் பேசினேன். எங்க வயலுக்குத் தண்ணி வர்ற ஆறு, எனக்குத் தெரியாதா, வேற யாருக்குத் தெரியும்னு கேட்டேன். அவங்க அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அவங்க என்னப் பாத்து எழுதல, என்ன நம்பி எழுதினாங்க. தப்பு என்னோடது."

அடுத்து ஸ்டெல்லா வந்தார். "கேள்வி கேட்டது நான் சார். பாதியிலயே விட்டதும் நான்தான். பேஷன்ட் விஷயத்துல இப்படி விடுவேனா? தப்பு என்மேலதான்."

ஜபருல்லா வந்தார். "எங்க கடையில ஒரு புட்டி அத்தர் வாங்குறதுன்னாலும் எங்கேர்ந்து வருதுன்னு நாலு தடவ கேப்பேன் சார். தங்கச்சி சொன்னதும் கேக்காம விட்டுட்டேன். அதுக்குத் தங்கச்சி பொறுப்பில்ல, நான்தான்."

கடைசியாக முருகானந்தம். "கல்லணை பழசு, அங்கேருந்து வர்ற ஆறும் பழசாத்தான் இருக்கும்னு நான் ஒரு கணக்குச் சொன்னேன் சார். அதக் கேட்டுத்தான் எல்லாரும் அடங்கிட்டாங்க. கெடுத்தது நான்."

அவர் வெளியே போனதும் தலைவர் மேசைமேல் பேனாவை வைத்தார். "தாள்ல நாலு பேரும் ஒரே விடை. இங்க தனித்தனியாக் கூப்பிட்டாலும் நாலு பேரும் ஒரே பதிலத்தான் சொல்றாங்க. இதையும் காப்பின்னு எழுதட்டுமா மேடம்?" என்றார். கேலியா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

தலைவர் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். நான்கு பேரும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்கள். அவர் செல்வராணியிடம் போய் நின்றார்.

"ஏம்மா, உனக்கு இந்த வருஷம் பட்டம் கெடைக்கலன்னா வேலைக்கே மனு போட முடியாதுன்னு சொன்னாங்க. ஒத்த வார்த்தையில தப்பிச்சிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"இந்தப் படிப்ப ரெண்டு தடவ விட்டுடலாம்னு இருந்தேன் சார். ரெண்டு தடவையும் இவங்கதான் விடல. இவங்களத் தள்ளி விட்டுட்டு நான் மட்டும் பாஸ் பண்ணி என்ன சார் பண்ணப் போறேன்? யாருகிட்டப் போயிச் சொல்லிக்குவேன்?"

தலைவர் உள்ளே திரும்பிப் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முறைகேடு இல்லை, வரைபடத்துக்குரிய மதிப்பெண் நால்வருக்கும் குறைக்கப்படுகிறது, முடிவுகளை உடனே வெளியிடலாம். அந்த ஆணையை வெளியே கொண்டுபோய் நால்வருக்கும் படித்துக்காட்டும் வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார். பாதி வரைதான் நான் படித்தேன். மிச்சத்தை என் கையிலிருந்து வாங்கி ஸ்டெல்லாதான் படித்தார்.